சாம்பல், நீலம், ஆரஞ்சு, பச்சை: பழைய டிராக்டருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பதன் வரலாறு

ஃபோர்ட்சன் என்று ஒரு டிராக்டர் இருந்தது. கார் செய்த அதே முறையில், ஹென்ரி ஃபோர்டு 1917-இல் மிச்சிகனில் அதன் உற்பத்தியைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் உணவுக்குத் தவித்துக்கொண்டிருந்த பிரிட்டன்தான் முதல் பெரிய வாடிக்கையாளர். வண்டியின் நிறம் சாம்பல். பிறகு தயாரிப்பு அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போனது. அங்கிருந்து 1933-இல் லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டாகன்ஹாமுக்கு வந்தது. வந்ததும் நிறம் நீலமானது. 1937-இல் ஆரஞ்சு. 1940-இல் பச்சை.

பச்சைக்குக் காரணம் போர். தொழிற்சாலை முற்றத்திலும் வயலிலும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் நிற்கிற டிராக்டர்கள் ஜெர்மன் விமானங்களுக்கு வானத்திலிருந்தே அடையாளம் காட்டிவிடும். அதனால் மண்ணோடும் பயிரோடும் கலந்துபோகிற பச்சை. போர் முடிந்த 1945-இல் அடுத்த மாடல் வந்தபோது உடம்பு மறுபடியும் நீலம். கார்க் காலத்திலிருந்து அதுவரை ஓடியது அடிப்படையில் ஒரே மாடல்தான். உள்ளே பெரிதாக எதுவும் மாறவில்லை, மேல்தோல் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அதனால் ஒரு ஃபோர்ட்சனின் நிறத்தைப் பார்த்தே அது ஏறக்குறைய எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிவிடலாம், அந்த நிறம் யாராலும் மாற்றப்படாமல் இருந்தால்.

அந்த 'இருந்தால்'தான் சிக்கல். பழைய டிராக்டரை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தி, தானே சுரண்டி, தானே பட்டி பார்த்து, தானே ஸ்ப்ரே அடிக்கக் கற்றுக்கொள்வது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய பொழுதுபோக்கு. நம்ம ஊரிலும் தாத்தா காலத்து வண்டியை விற்க மனசு வராமல் புதுப்பிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் எடுக்கிற மூன்று பொருட்கள் கன், பெயிண்ட், உப்புத்தாள். மூன்றுக்குப் பின்னாலும் நூறு வருஷக் கதை இருக்கு. பின்னிரண்டில் ஆபத்தும் இருக்கு.

தொண்டை மருந்திலிருந்து வந்த கன்

ஸ்ப்ரே கன்னின் முன்னோர்களில் ஒருவர் மருத்துவர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர் தொண்டை நோயாளிகளுக்கு மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவதற்குப் பதில், ரப்பர் உருண்டையை அமுக்கினால் மருந்து புகைபோலத் தெறிக்கும் ஒரு கருவி செய்தார். 1888-இல் அதற்கென்று ஒரு கம்பெனியும் தொடங்கினார். வாசனைத் திரவியக் குப்பிகளின் மேல் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம். வேகமாகப் போகும் காற்று ஒரு சிறு குழாயின் வாய்மேல் கடக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் திரவம் தானாக மேலேறி, காற்றில் சிதறிப் பொடித் துளியாகிறது. அவருடைய மகன் தாமஸ் டிவில்பிஸ் 1907-இல் இதையே பெயிண்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்.

இன்னொரு கிளை சிகாகோவிலிருந்து வருகிறது. அங்கே 1893-இல் நடந்த உலகப் பொருட்காட்சியின் முக்கியக் கட்டடங்கள் பெரும்பாலும் வெள்ளை. 'வெள்ளை நகரம்' என்றே அதற்குப் பெயர். அத்தனை சுவருக்கும் பிரஷ்ஷால் அடித்தால் திறப்பு விழாவுக்குள் முடியாது என்பதால், அழுத்தக் காற்றில் சுண்ணாம்பைப் பீய்ச்சினார்கள். இந்த யோசனைக்கு உரிமையாளர்களாக இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. ஒருவர், கடைக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பில் இருந்து சுண்ணாம்பு அடிக்கும் இயந்திரம் செய்த ஜோசப் பிங்க்ஸ். மற்றவர், பொருட்காட்சியின் அலங்காரப் பொறுப்பில் இருந்த ஓவியர் ஃபிரான்சிஸ் மில்லெட். இந்த மில்லெட்தான் 1912-இல் டைட்டானிக்கோடு மூழ்கிப்போனவர்.

ஆக, ஒரு பக்கம் நோயாளியின் தொண்டை, இன்னொரு பக்கம் பிரமாண்டமான சுவர். நடுவில் இருக்கும் டிராக்டரின் பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் கன் வந்து சேர வேண்டுமானால் வேறொன்று தேவைப்பட்டது: கன்னால் மட்டுமே அடிக்கக்கூடிய ஒரு பெயிண்ட்.

வாரக்கணக்கு மணிக்கணக்கானது

1920-களின் தொடக்கம்வரை கார் உடம்புக்கு வண்ணம் பூசுவது குதிரை வண்டிக்குப் பூசின முறையில்தான் நடந்தது. எண்ணெய்யும் வார்னிஷும் கோட்டு கோட்டாகப் பிரஷ்ஷில் பூசி, ஒவ்வொன்றும் காயக் காத்திருந்து, தேய்த்து, மறுபடி பூசி முடிக்க வாரக்கணக்காகும். இயந்திரம் ஒரு நாளில் ஆயிரம் கார் பெற்றுப் போட்டாலும் பெயிண்ட் காயணுமே! ஃபோர்டு பல வருஷம் கறுப்பிலேயே நின்றதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. தார் கலந்த அந்தக் கறுப்பு வார்னிஷை அடுப்பில் வைத்துச் சுட்டுச் சீக்கிரம் காயவைக்கலாம்.

1923-இல் டூபாண்ட் கம்பெனி 'டூகோ' என்ற லாக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்கள் அதை அணிந்து வந்தன. அதன் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். முதல் உலகப் போரில் துப்பாக்கி மருந்தாக டூபாண்ட் மலைமலையாகச் செய்து குவித்த அதே சரக்கு. இது காய்வதற்கு ரசாயன மாற்றம் எதுவும் வேண்டியதில்லை. தின்னர் ஆவியாகிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவ்வளவு வேகமாகக் காய்வதால் பிரஷ் அடுத்த இழுப்புக்குத் திரும்புவதற்குள் முதல் இழுப்பு இறுகிவிடும். அதனால் கன்னில் அடித்தே ஆகணும். இப்படித்தான் ஸ்ப்ரே கன் தொழிற்சாலையின் நிரந்தரக் கருவியானது. நம்ம ஊரில் இரும்பு பீரோவுக்கும் மரச்சாமானுக்கும் கன்னில் அடிக்கிற வேலையையே 'டூகோ பெயிண்டிங்' என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான்.

டிராக்டருக்கு டூகோ பெரிதாகப் பொருந்தவில்லை. லாக்கர் மெல்லியதாகப் படியும். பல கோட் அடிக்கணும். கடைசியில் தேய்த்துப் பாலிஷ் போட்டால்தான் பளபளப்பு வரும். உழவு வண்டிக்கு யார் பாலிஷ் போடுவார்கள்? அங்கே இடம் பிடித்தது அல்கைட் எனாமல். 1920-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ராய் கீன்ல் என்ற வேதியியலாளர், ஆளி விதை எண்ணெய் மாதிரியான காயும் எண்ணெய்யை ஆல்கஹாலோடும் அமிலத்தோடும் சேர்த்து ஒரு ரெசின் உருவாக்கினார். ஆல்கஹால், ஆசிட் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டவைத்துப் பிறந்த பெயர்தான் அல்கைட். கன்னிலிருந்து வரும்போதே பளபளக்கும், தேய்க்க வேண்டாம், மலிவு, தடிமனாகவும் படியும். இன்றைக்கும் ஹார்டுவேர் கடையில் 'சிந்தெடிக் எனாமல்' என்று கேட்டால் கொடுப்பது இந்தக் குடும்பத்துப் பெயிண்ட்தான்.

நிறம் கொடியானது

பெயிண்ட் மலிவாகி, காய்வது வேகமானதும் கம்பெனிகள் நிறத்தை வைத்துச் சண்டை போட ஆரம்பித்தன. 1929-இல் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனி தன் டிராக்டர்களைப் பளீரென்ற ஆரஞ்சுக்கு மாற்றியது. டிராக்டர் பிரிவின் தலைவர் ஹாரி மெரிட் கலிஃபோர்னியாவில் காட்டுப் பாப்பிப் பூக்கள் பூத்துக் கிடந்த வெளியைப் பார்த்து, வயலில் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும் நிறம் இதுதான் என்று முடிவு செய்ததாகக் கதை. 1936-இன் கடைசியில் ஃபார்மால் டிராக்டர்கள் சாம்பலை விட்டுச் சிவப்புக்கு மாறின. பக்கத்து வயல்காரன் என்ன வண்டி வாங்கியிருக்கான் என்பது சாலையிலிருந்தே தெரிய ஆரம்பித்தது. விளம்பரம் தானாக உழுதுகொண்டு போனது!

இந்தக் கூச்சலில் ஹாரி ஃபெர்குசன் மட்டும் எதிர்த் திசையில் நின்றார். அவருடைய டி.இ.20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. நிறம் ஒரே சாம்பல். 'சின்னச் சாம்பல் ஃபெர்கி' என்றே அங்கே செல்லப் பெயர். அந்தச் சாம்பலை மீறிய பிரபலமான வண்டிகள் பனிப்பாலைவனத்தில் இருந்தன. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்துக்கு ஓட்டிப் போன ஃபெர்குசன்கள் சிவப்பு. வெள்ளைப் பனியில் சாம்பல் வண்டி தொலைந்தால் கதி என்ன?

1953-இல் ஃபெர்குசன் கனடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு இணைந்தார். மாஸி-ஹாரிஸ் நிறம் சிவப்பு. இணைப்புக்குப் பிறகும் சில வருஷம் சிவப்பு வண்டி விற்கும் கடைகளும் சாம்பல் வண்டி விற்கும் கடைகளும் ஒரே முதலாளிக்குக் கீழே தனித்தனியாகப் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. 1957-இன் இறுதியில் வந்த மாஸி ஃபெர்குசன் 35 இந்த இழுபறிக்கு பெயிண்டிலேயே ஒரு சமரசம் செய்தது. மேலே பானெட்டும் மட்கார்டும் மாஸி-ஹாரிஸின் சிவப்பு. கீழே எஞ்சினும் கியர்பாக்ஸும் ஃபெர்குசனின் சாம்பல்.

1960-இல் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு சென்னையில் டாஃபே தொடங்கியது. செம்பியத்திலிருந்து வெளிவந்த வண்டிகள் இந்தச் சிவப்பு-சாம்பல் உடுப்போடுதான் தமிழ்நாட்டு வயல்களில் இறங்கின. தஞ்சாவூர்ப் பக்கம் சேற்றில் நிற்கும் ஒரு பழைய 1035-ஐப் பாருங்க. சிவப்பு பானெட்டும் சாம்பல் வயிறும் சேருகிற கோடு, இரண்டு கம்பெனிகள் கைகுலுக்கின கோடு. அதைத் தெரியாமல் மொத்த வண்டிக்கும் சிவப்பு அடித்துவிட்டால் அந்தக் கைகுலுக்கல் அழிந்துபோகும்.

கன் கைக்கு வந்த பிறகு

வீட்டில் கற்றுக்கொள்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, ஒவ்வொரு பெயிண்டும் வேறு வேறு விதமாகக் காய்கிறது என்பதுதான். மற்ற விதிகள் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன.

என்.சி. லாக்கர் ஆவியாகிக் காய்கிறது. அதனால் தப்பு நடந்தால் சுலபமாகத் திருத்தலாம். மேலே அடிக்கும் கோட் கீழே உள்ளதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு ஒட்டும். ஆனால் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்த ஈரம் பரப்பில் படிந்து, வெள்ளைப் புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைப் பக்கம் பெயிண்டர்கள் லாக்கர் வேலையைத் தள்ளிப் போடுவதற்கு இதுதான் காரணம்.

எனாமல் முதலில் ஆவியாகி, பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகும் உள்ளே நாட்கணக்கில் மென்மையாகவே இருக்கும். அந்த நடுக்காலத்தில் அவசரப்பட்டு அடுத்த கோட் அடித்தால், புதுத் தின்னர் பாதி இறுகிய தோலை ஊறவைத்து, வயதானவர் கை மாதிரி சுருங்கச் செய்துவிடும். அதனால் ஒன்று, முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே அடிக்கணும். இல்லாவிட்டால் முழுக்கக் காயவிட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு அடிக்கணும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

கை வேலை மூன்றே விஷயம். கன் பரப்பிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும். மணிக்கட்டை விசிறி மாதிரி ஆட்டாமல், தோளோடு சேர்த்து நேர்கோட்டில் நகர்த்தணும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூடணும். தூரம் கூடினால் துளிகள் வழியிலேயே காய்ந்து மாவு மாதிரி சொரசொரப்பாக விழும். குறைந்தால் வடியும். துளிகள் பெரிதாக விழுந்து சமமாகப் பரவாமல் போனால் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆகும். பழைய வகைக் கன்னில் பெயிண்டில் பெரும்பகுதி புகையாகவே போய்விடும். பின்னால் வந்த எச்.வி.எல்.பி. கன்கள் முனையில் அழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ.-க்குள் வைத்து அந்த வீணைக் குறைக்கின்றன. ஆனால் அவற்றுக்குக் காற்றின் அளவு நிறைய வேண்டும். வீட்டில் பஞ்சருக்கு வைத்திருக்கும் சின்னக் கம்ப்ரஸர் பானெட்டின் பாதியிலேயே மூச்சு வாங்கிவிடும்.

இன்னொன்று. கண்ணாடி மாதிரி வேண்டும் என்று வார்ப்பிரும்பு முழுக்கப் பட்டி வைத்து இழைப்பது வரலாற்றுப்படி பார்த்தால் மிகை. பல தொழிற்சாலைகளில் வண்டியைச் சேர்த்து முடித்த பிறகு, போல்ட், குழாய் எல்லாவற்றின் மேலும் சேர்த்தே அடித்தார்கள். மணல் அச்சின் சொரசொரப்பு பெயிண்டுக்குக் கீழே அப்படியே தெரியும். பெரும்பாலும் இன்று புதுப்பித்த வண்டிகள் பிறந்த நாளில் இருந்ததைவிட அழகாக இருக்கின்றன!

1921-இலேயே எழுதிவைத்த எச்சரிக்கை

இனி உப்புத்தாள். அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு வண்ணங்களுக்கு நிறம் கொடுத்தது பெரும்பாலும் ஈயக் குரோமேட். இரும்புக்கு அடிக்கும் முதல் கோட்டாக ஈயச் செந்தூரம் உலகமெங்கும் பழக்கத்தில் இருந்தது. இப்போது நாம் அடிக்கிற ரெட் ஆக்சைடு வேறு. அது இரும்பு ஆக்சைடு. பார்க்க இரண்டும் செம்மைதான். சுரண்டும்போது எது வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

1921-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெள்ளை ஈயப் பெயிண்ட் பற்றி ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது. அதில் இரண்டு செயல்களைத் தனியாகப் பெயர் சொல்லி, ஆபத்தைக் குறைக்க ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, ஸ்ப்ரேயாக அடிப்பது. இரண்டு, உலர்வாகத் தேய்ப்பதிலும் சுரண்டுவதிலும் கிளம்பும் தூசு. டூகோ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே! கொட்டகையில் ஒருவர் இன்று செய்யப்போகிற இரண்டு வேலைகளும் அதுவேதான். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் பெயிண்டர் சங்கங்கள் ஸ்ப்ரே கருவியை எதிர்த்தன. வேலை போகும் என்ற பயம் பாதி, நுரையீரல் போகும் என்ற பயம் பாதி. வரலாற்றில் அவர்களை 'முன்னேற்றத்தைத் தடுத்தவர்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது பயம் நியாயமானது.

இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு 2016-இல் வந்த விதிகளால்தான் கட்டாயமானது. 1960-களின் டிராக்டர் மேல் இருப்பது அதற்கு எத்தனையோ காலம் முந்தினது. அதனால் பழைய பெயிண்டை உலர்வாகக் கிரைண்டர் போட்டுப் பறக்கவிடக் கூடாது, கேஸ் பர்னரால் சுடவும் கூடாது. தண்ணீர் ஊற்றித் தேய்த்து, வரும் சேற்றைத் துணியில் வழித்துக் கட்டி அப்புறப்படுத்தணும். பிள்ளைகள் விளையாடும் வாசலில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும்.

ஈயம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தால் அடுத்தது காத்திருக்கிறது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டுபிடித்தார். பட்டறையில் 'பி.யு.' என்று சொல்கிற, ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட் அதன் வாரிசு. டீசல் சிந்தினாலும் அசையாது, வெயிலில் மங்காது. ஆனால் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். போபாலில் 1984-இல் கசிந்த வாயு இதே குடும்பப் பெயர் கொண்டது. பொருள் வேறு, வீரியம் வேறு, ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரலாம். இந்த ஹார்டனர் ஸ்ப்ரேயாக மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு துளியளவு பட்டாலும் மூச்சுத் திணறும். வாசனையை வைத்து எச்சரிக்கையாகலாம் என்றால், ஆபத்தான அளவில்கூட மூக்குக்குத் தெரியாது. கர்ச்சீப் கட்டினாலோ கொரோனாக் காலத்து மாஸ்க் போட்டாலோ இதற்குப் போதாது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடிதான் தொழிற்சாலைகளுக்கான பரிந்துரை. அது இல்லாத கொட்டகைக்கு ஹார்டனர் கலக்காத சாதாரண எனாமலே போதும். கொஞ்சம் மங்கட்டும். அசல் வண்டியும் மங்கினதுதானே?

சுரண்டுவதற்கு முன்

பிரிட்டனில் புதுப்பிக்காமல், மங்கின பெயிண்டும் எண்ணெய்க் கறையுமாக வைத்திருக்கும் டிராக்டரை 'வேலை உடுப்பில் இருக்கும் வண்டி' என்பார்கள். அப்படியே விட்டுவிடணும் என்று வாதாடும் ஒரு கூட்டமே அங்கே உண்டு. துரு தின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அந்த வாதம் உதவாது. தகரம் ஓட்டை விழுந்த பிறகு அசல் நிறத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆனால் அந்த வாதத்தில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது.

பெயிண்டை முழுக்க உரிப்பதற்கு முன்னால், வெயிலும் டீசலும் படாத இடங்களைத் தேடிப் பாருங்க. டீசல் டேங்குக்கு அடியில், பெயர்ப்பலகைக்குப் பின்னால், டூல் பாக்ஸின் உள்பக்கம். அங்கே வாட்டர் பேப்பரால் ஒரு ரூபாய் அளவுக்கு மெதுவாகத் தேய்த்தால், நடுவில் இரும்பும் அதைச் சுற்றி பிரைமரும், அதைச் சுற்றி ஒவ்வொரு கோட்டும் மர வளையம் மாதிரி விரியும். எத்தனை முறை அடித்திருக்காங்க, முதலில் என்ன நிறம், நடுவில் யாரோ கையில் கிடைத்த வாசற்கதவு பெயிண்டை அடித்த வருஷம், எல்லாம் அங்கே இருக்கும். பச்சை ஃபோர்ட்சனா, ஆரஞ்சை மறைத்துப் பச்சை அடித்த ஃபோர்ட்சனா என்பதும் அங்கேதான் தெரியும்.

அந்த வளையத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்க. பிறகு டூல் பாக்ஸின் உள்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தேய்க்காமல், அடிக்காமல் விட்டுவிடுங்க. வெளியே யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் கழித்து இன்னொருவர் கையில் உப்புத்தாளோடு அந்த வண்டி முன்னால் உட்காரும்போது, அதன் அசல் நிறம் தெரிய அந்த உள்ளங்கை அளவு பெயிண்ட் போதும்.